கிளினிக் கொப்பியில் இல்லாத பக்கம்

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மதியம், அம்மா சாப்பிட்டு எழுந்த பிறகு அவருடைய கோப்பையைக் கழுவ எடுத்தபோது, முருங்கைக்காய்த் துண்டுகள் நான்கும் கடிபடாமல் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. அம்மாவுக்கு 78 வயது. கொக்குவிலில் பிறந்து வளர்ந்து, 1996இல் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் என்னோடு வாழ்கிறார். முருங்கைக்காயைச் சாறு முழுவதும் போகச் சப்பி, சக்கையை மட்டும் வரிசையாக அடுக்கி வைப்பது அவருடைய வழக்கம். அன்று அவை வைத்தது வைத்தபடி இருந்தன. கேட்டபோது, "காய் முத்தல், பிள்ளை" என்றார். அதே கறியை நானும் சாப்பிட்டிருந்தேன். காய் பிஞ்சாகத்தான் இருந்தது.

அன்றைக்குப் பிறகு கவனித்துப் பார்த்தபோதுதான் எத்தனை உணவுகள் எங்கள் வீட்டு மேசையிலிருந்து ஓசையின்றி விலகியிருந்தன என்பது தெரிந்தது. கச்சான் போயிருந்தது. கீரைத் தண்டு, கொய்யாப்பழம், ஆட்டிறைச்சி, தேங்காய்ச் சொட்டு எல்லாம் போயிருந்தன. அவற்றின் இடத்தில் பருப்பில் ஊறவைத்த பாண், தேநீரில் தோய்த்த விசுக்கோத்து, குழைய வடித்த சோறு, ரவைக் கஞ்சி என்பவை வந்திருந்தன. எட்டு மாதங்களில் அம்மாவின் எடை 52 கிலோவிலிருந்து 45 கிலோவுக்குக் குறைந்திருந்தது. அதே காலத்தில் அவருடைய இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. சாப்பாடு குறைகிறது, உடல் மெலிகிறது, சீனி மட்டும் ஏறுகிறது என்ற புதிருக்கு விடை தேடி நாங்கள் இரண்டு தனியார் மருத்துவமனைகளில் ஏறி இறங்கினோம். தைரொயிட் பரிசோதனை, வயிற்று ஸ்கான், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தல், பசிக்கு ஒரு பாணி மருந்து என எல்லாம் நடந்தன. அந்த வைத்தியர்கள் திறமையானவர்கள், பொறுமையாகவும் நடந்துகொண்டார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அம்மாவிடம் வாயைத் திறக்கும்படி கேட்கவில்லை. அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்த நானே பார்த்திருக்கவில்லை.

பார்த்தது ஓர் இரவில். அம்மாவுக்கு இருமல் வந்து எழுந்திருந்தார். முதுகைத் தடவிக்கொண்டு நின்றபோது அவருடைய மேல் வரிசைப் பொய்ப்பல் வாய்க்குள் ஆடுவது கண்ணில் பட்டது. உறங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அப்போதுதான் அறிந்தேன். கட்டி 17 ஆண்டுகளான அந்தப் பல், பேரப்பிள்ளைகள் பொக்கை வாயைப் பார்க்கக் கூடாது என்பதற்காக இரவு பகலாக வாயிலேயே இருந்திருக்கிறது. மிகவும் வற்புறுத்திய பிறகு கழற்றினார். கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பொய்ப்பல் மூடியிருந்த மேல் அண்ணம், அதன் விளிம்பை வரைந்தாற்போலச் சிவந்திருந்தது. கீழே எஞ்சியிருந்த ஏழு பற்களில் இரண்டு உடைந்து வேர்க்குற்றிகளாக நின்றன. அவற்றில் ஒன்றின் கூரான விளிம்பு உரசி, நாக்கின் பக்கத்தில் ஒரு புண் இருந்தது. அது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டேன். "வைகாசியிலை இருந்து" என்றார். இரண்டு மாதங்களுக்கு மேல்.

நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் என்பது இந்த நாட்டில் இலேசாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்றன்று. இலங்கையின் ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே, பெண்களும் தப்பியவர்களல்லர். மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஒருமுறை சென்று வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அம்மா ஐம்பது வயது வரை வெற்றிலை போட்டவர். அப்பம்மாவின் வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, பல் போன பின் அவர் பாக்கு இடித்த சிறிய உரல் ஆகியவற்றை நான் சிறுவயதில் விளையாட்டுப் பொருள்களாகவே கண்டிருக்கிறேன். ஆனால் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவன என்று உறுதிப்படுத்தப்பட்டன. புகையிலையை விட்டுவிட்டேன், இப்போது வெறும் வெற்றிலையும் பாக்கும்தான் என்று ஆறுதல் கொள்ளும் முதியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்வது கடினம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, முன்போல வாயை அகலத் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் இந்த நோய் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இதன் பேராபத்து.

வார்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலைக்கு அம்மாவை அழைத்துச் சென்றேன். உடைந்த வேரின் கூர் விளிம்பை முதலில் இழைத்து மழுப்பிவிட்டு, புண்ணை ஒரு கண்ணாடியால் நெடுநேரம் பார்த்த வைத்தியர், இரண்டு வாரங்களில் மீண்டும் வரும்படியும், அப்போதும் ஆறாதிருந்தால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டு வாரங்களும் நான் உறங்கவில்லை. பதினோராம் நாளில் புண் மூடியது. இத்தனை மாதங்களாக அம்மா மெல்ல முயன்ற ஒவ்வொரு முறையும் ஒரு பல்லின் உடைந்த நுனி அவருடைய நாக்கை அறுத்துக்கொண்டிருந்தது என்பதும், அதற்காக நாங்கள் அவருடைய குடலைப் பரிசோதித்தோம் என்பதும் இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

முதுமையில் பல் விழுவது இயற்கை என்று நாம் நம்பிவிட்டோம். தலை நரைப்பதைப் போல அது தானாக நடப்பதன்று. பல் விழுவதற்குப் பெரும்பாலும் காரணங்கள் இரண்டு: சூத்தையும் முரசு (ஈறு) நோயும். இரண்டுமே தடுக்கக்கூடியவை. ஜப்பானில் 1989இல், 80 வயதிலும் குறைந்தது 20 பற்களை வைத்திருக்க வேண்டும் என்ற குறிக்கோளோடு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது அந்த வயதில் அத்தனை பற்கள் உள்ளவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் அவர்கள் பாதிக்கு மேற்பட்டவர்களாகிவிட்டார்கள். ஒரு தலைமுறைக் காலத்தில் ஒரு நாட்டு முதியோரின் வாய் இவ்வளவு மாற முடியுமென்றால், "வயது போனால் பல்லும் போகும்" என்று இனி எந்த முகத்தோடு சொல்வது?

முதியவர்களின் பல்லுக்கு வரும் சூத்தை குழந்தைகளுக்கு வருவதைப் போன்றதன்று. காலப்போக்கில் முரசு கீழிறங்க, அதுவரை மூடப்பட்டிருந்த வேர் வெளியே தெரியத் தொடங்குகிறது. பல்லின் மேற்பகுதியைக் கவசம்போல மூடியிருக்கும் மிளிரி வேரில் இல்லை. அதனால் மிளிரியைக் கரைக்கப் போதாத மென்மையான அமிலமும் வேரைக் கரைத்துவிடும். இங்கேதான் உமிழ்நீரின் பெருமை தெரிகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு நாளொன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை சுரக்கும் அந்த நீர், வாயைக் கழுவுகிறது, அமிலத்தைத் தணிக்கிறது, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, உணவைக் கவளமாக்கி விழுங்க உதவுகிறது. அது வற்றினால் ஒரே ஆண்டில் பல பற்கள் வேரோடு சூத்தையாகலாம்.

அம்மாவின் வாய் ஏன் வற்றியிருந்தது என்பதற்கு விடை அவருடைய குளிசைப் பையிலேயே இருந்தது. கால் எரிவுக்கு இரவில் எடுக்கும் அமிற்றிப்ரிலின், சலம் போவதற்கான குளிசை, ஒவ்வாமைக்கென்று மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் குளிசை ஆகிய மூன்றும் வாயை உலரச் செய்பவை. பிரஷருக்குப் பலர் எடுக்கும் அம்லோடிப்பின் சிலருக்கு முரசை வீங்கித் தடிக்கச் செய்யும் என்பதையும் அந்தப் பல் வைத்தியர்தான் சொன்னார். இந்தக் குளிசைகள் பெரும்பாலும் தேவையானவை. அவற்றை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் வாய் உலர்கிறது என்று மருந்து எழுதிய வைத்தியரிடம் சொன்னால், அளவையோ வகையையோ மாற்ற வழியிருக்கலாம். எங்கள் விடயத்தில் ஒவ்வாமைக் குளிசை தேவையே இல்லை என்று தெரிந்து அது நிறுத்தப்பட்டது. வாய் உலர்வுக்கு அம்மா கண்டுபிடித்திருந்த மருந்து இனிப்பு ரொபி. கைப்பைக்குள், தலையணைக்கு அடியில், சாமித் தட்டுக்குப் பக்கத்தில் என்று எங்கும் ரொபி. உலர்ந்த வாய்க்குள் நாள் முழுவதும் சீனி கரைந்துகொண்டிருந்தால் வெளியே தெரியும் வேருக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்தப் புதிருக்கு வருகிறேன். மெல்ல முடியாதவர் பட்டினி கிடப்பதில்லை. மெல்லத் தேவையில்லாததைச் சாப்பிடுகிறார். நமது சமையலில் மெல்லத் தேவையில்லாதவை பெரும்பாலும் மாச்சத்தே: பாண், கஞ்சி, குழைந்த சோறு, இடியப்பம், விசுக்கோத்து. இறைச்சியும் கடலையும் கீரையும் பழமும் விலகிப் போக, புரதமும் நார்ச்சத்தும் அவற்றோடு போகின்றன. முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 45 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு அது 45 முதல் 54 கிராம். ஒரு முட்டையில் கிடைப்பது ஏறத்தாழ 6 கிராம் மட்டுமே. அம்மா ஒரு நாளில் சாப்பிட்டதை எழுதிக் கணக்கிட்டபோது அந்த அளவில் பாதிகூட வரவில்லை. உடல் தன் தசையைக் கரைத்துக்கொண்டது. மாச்சத்து சீனியை ஏற்றியது. தசை குறைந்ததால் அந்தச் சீனியை எரிக்க இடமும் குறைந்தது. படியேறக் கால் நடுங்கியதற்கும் இதுவே காரணம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொன்னவர்கள் பல்லைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

சலரோகத்துக்கும் முரசு நோய்க்கும் இடையிலுள்ள உறவு இரு வழிப் பாதை. சீனி கட்டுப்பாடின்றி இருந்தால் முரசு நோய் கடுமையாகிறது. முரசில் நாட்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் சீனி ஏறுகிறது. முரசு நோய்க்கு முறையான சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளர்களின் எச்பிஏவன்சி (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்குக் குறைகிறது என்பதைப் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த மதிப்பீடுகள் காட்டுகின்றன. சிறிய எண்போலத் தோன்றலாம். ஆனால் அதே அளவு குறைப்புக்காகச் சில வேளைகளில் இன்னொரு குளிசை சேர்க்கப்படுகிறது என்பதை நினைத்தால், பல் ஊத்தையைச் சுரண்டி எடுக்கும் ஒரு சிகிச்சையின் பெறுமதி விளங்கும். வீட்டுக்கு வீடு சீனி வருத்தம் உள்ள இந்த நகரத்தில், ஒவ்வொரு நீரிழிவுக் கிளினிக்கிலும் காலைப் பார்ப்பதுபோல வாயையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இருதய நோயைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். முரசு நோய் உள்ளவர்களிடம் இருதய நோயும் கூடுதலாகக் காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை என அமெரிக்க இருதயச் சங்கம் 2012இல் தெளிவாகச் சொன்னது. மறதி நோயின் கதையும் அவ்வாறே. முரசு நோய்க் கிருமியொன்றின் தடயங்கள் அல்சைமர் நோயாளர்களின் மூளையில் கண்டறியப்பட்டதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பி உருவாக்கப்பட்ட மருந்தின் பரிசோதனை 2021இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆகவே, பல்லைத் தீட்டினால் மாரடைப்பு வராது, மறதி வராது என்று வட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. உறுதியாகத் தெரிந்தவையே நம்மை எழுந்து நடக்கவைக்கப் போதுமானவை.

அவற்றுள் எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுவது நுரையீரல். விழுங்கும் ஆற்றல் தளர்ந்த முதியவர்கள் உறக்கத்தில் தம்மையறியாமலே உமிழ்நீரைச் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொள்கிறார்கள். வாய் அழுக்காக இருந்தால் அந்த நீரோடு கிருமிகளும் இறங்கி நியூமோனியாவை உண்டாக்குகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வில், ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர்களால் பல் துலக்கப்பட்டவர்களுக்கு, அவ்வாறு செய்யப்படாதவர்களைவிட நியூமோனியாவும் அதனால் வரும் மரணமும் குறைவாக இருந்தன. அதே நாட்டில் 85 வயதைக் கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த வேறோர் ஆய்வில், பொய்ப்பல்லோடு உறங்குபவர்களுக்கு நியூமோனியா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. அம்மாவின் இரவு இருமலை எண்ணிப் பார்த்தேன். அதற்கு முந்திய ஆண்டு மார்கழியில் அவர் நெஞ்சுச் சளியோடு ஒன்பது நாட்கள் வைத்தியசாலையில் கிடந்ததையும் எண்ணிப் பார்த்தேன். காரணம் அதுதான் என்று யாராலும் இப்போது சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்பது நாட்களிலும் படுக்கையில் கிடந்த அவருக்கு நான் முகம் துடைத்தேன், தலை வாரினேன், கால் பிடித்தேன். வாயை ஒருமுறைகூடத் துடைத்துவிடவில்லை. பக்கத்துக் கட்டில்களில் நின்ற பிள்ளைகளும் மருமக்களும் என்னைப் போலவே செய்தார்கள். பெற்றோரின் மலசலம் எடுக்கக் கூசாத நாம் அவர்களுடைய வாய்க்குள் விரல் வைக்க ஏனோ தயங்குகிறோம்.

உடம்பைப் பற்றியே பேசிவிட்டேன். அம்மா வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கோவிலுக்குப் போவதையும், மாதர் கூட்டுப் பிரார்த்தனையில் முன்வரிசையில் அமர்ந்து பாடுவதையும் ஓராண்டுக்கு முன்பே நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி என்றார், நம்பினோம். பின்னர்தான் சொன்னார், பாடும்போது மேல் பல் கழன்று விழப் பார்த்ததாம், பக்கத்தில் இருந்தவர் பார்த்துவிட்டாராம். த, ந என்னும் எழுத்துகள் நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடப் பிறப்பவை. வ பிறக்க மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தமிழில் இந்த எழுத்துகளைத் தவிர்த்துப் பேசுவது மிகக் கடினம். பல் போனால் சொல் போச்சு என்பதை நாங்கள் வேடிக்கையாகச் சொல்லி வந்திருக்கிறோம். கனடாவிலிருந்து அண்ணா எடுக்கும் வீடியோ அழைப்புகளில் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு "ஓம்", "இல்லை" என்று முடித்ததை அண்ணா கோபம் என்று எண்ணியிருந்தார்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்த நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதமாக இருந்தார்கள். இப்போது இன்னும் கூடுதல். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்து வாழும் முதியவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகள் இருதய ஸ்கானுக்கும் கண் சத்திரசிகிச்சைக்கும் கேளாமலே பணம் அனுப்புகிறார்கள். "பல்லுக் கட்ட வேணும்" என்று கேட்க மட்டும் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். இந்த வயதில் அழகு எதற்கு என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அது. அம்மாவும் அதையே சொன்னார்: "எனக்கு வயசு போச்சு, பிள்ளை. இனி ஆருக்குப் பல்லைக் காட்டப் போறன்?"

எங்கள் வீட்டில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன், பிறருக்கும் உதவலாம். புளோரைட் உள்ள பற்பசையால் காலையும் இரவும் மெல்லிய பிரஷால் துலக்குகிறார். விரல் மூட்டு வலிப்பதால் பிரஷின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கியிருக்கிறேன். ரொபிக்குப் பதிலாக அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர். வேர்க்குற்றிகள் இரண்டையும் பிடுங்க வேண்டியிருந்தது. இரத்தம் உறையாதிருக்க அவர் எடுக்கும் அஸ்பிரினை நான் முதல் நாளே நிறுத்த எண்ணியிருந்தேன். அப்படித் தாமாக நிறுத்துவது பல் பிடுங்குவதைவிட ஆபத்தானது என்று பல் வைத்தியர் கண்டிப்பாகச் சொன்னார். எலும்புத் தேய்வுக்கு அலென்ட்ரோனேற் போன்ற குளிசை எடுப்பவர்கள் அதைப் பல் பிடுங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அரிதாகச் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். புதிய பொய்ப்பல் கட்டியாயிற்று. பல் போன இடத்தில் தாடை எலும்பு ஆண்டுதோறும் கரைந்து மாறுவதால், ஒருமுறை கட்டிய பல் ஆயுளுக்கும் பொருந்தாது என்பதை யாரும் எங்களுக்கு முன்பு சொல்லியிருக்கவில்லை. இரவில் அதைக் கழற்றிச் சவர்க்காரமும் பிரஷும் கொண்டு கழுவி, ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீரில் போட்டு வைக்கிறோம். சுடுநீர் கூடாது, வடிவம் கெட்டுவிடும்.

பழகுவதற்கு ஆறு வாரங்கள் ஆயின. இடையில் இரண்டு தடவை கோபத்தில் கழற்றி வைத்துவிட்டார். பொய்ப்பல்லின் கடிபலம் சொந்தப் பல்லின் பலத்தில் ஒரு சிறு பங்குதான்; புழுக்கொடியல் இனி அவருக்கு இல்லை. ஆனால் மீனும் முட்டையும் அவித்த கடலையும் கோப்பைக்குத் திரும்பியிருக்கின்றன. எடை 48 கிலோவாகியிருக்கிறது. கிளினிக் கொப்பியின் கடைசித் தாளில் கோடு போட்டு, மேலே "வாய்" என்று எழுதி, ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் நான் பார்த்ததைக் குறித்து வைக்கிறேன். அடுத்த தவணை மாசி மாதம்.

சென்ற வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் புறப்பட்டு லிப்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். இரண்டாம் தளத்தில் ஏறிய, அம்மாவின் வயதை ஒத்த ஒருவர் வாயைக் கையால் மறைத்தபடி அம்மாவிடம் நலம் விசாரித்தார். அம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அருகில் நெருங்கி நின்று, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலத் தணிந்த குரலில், "அக்கா, குறை நினையாதையுங்கோ, இரவிலை பல்லைக் கழட்டிப்போட்டோ படுக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.